அக்காக்கள் போன பிறகு

போன இதழில் நான் எழுதிய ‘எங்கள் ஊர்க் கண்மாய்’ கட்டுரையை நின்று படித்த எல்லோருக்கும் நன்றி. (அதன் ஓரத்தில் பேனாவால் மீசை வரைந்தவருக்கும் நன்றி. யார் என்று எனக்குத் தெரியும்.) இந்தத் தடவை விளையாட்டு பற்றி எழுதுகிறேன். பிறமொழிச் சொல் கலக்காமல் எழுது என்று தமிழ் டீச்சர் சொன்னார்கள். ரைடருக்கு என்ன டீச்சர் தமிழ் என்று கேட்டேன். ‘பாடி வருபவர்’ என்றார்கள். மைதானத்தில் அப்படிக் கூப்பிட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அதனால் ரைடர் என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

போன வருஷம் குறுவட்டப் போட்டியில் பெண்கள் கபடியில் நம் பள்ளிதான் முதலிடம். வருவாய் மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரைக்கும் போனோம். பிரேயரில் ஹெச்.எம். பேர் வாசித்ததும் எல்லோரும் கை தட்டியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த அணியின் ஏழு பேரில் ஐந்து பேர் பத்தாம் வகுப்பு அக்காக்கள். ஜூன் மாதம் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கேப்டன் அக்கா டவுன் பள்ளியில் பதினொன்று சேர்ந்துவிட்டார். இரண்டு பேர் வேறு ஊர். ஒருவர் ஐ.டி.ஐ. எங்கள் ரைடர் அக்கா, போன வருஷம் அதிகப் புள்ளி எடுத்தவர், படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போகிறார். காலையில் ஆறு மணிக்கே மில் வண்டி வந்துவிடும். நான் பால் வாங்கப் போகும்போது ஜன்னல் வழியாகக் கை காட்டுவார்.

போன வாரம் பி.இ.டி. சார் வேப்பமரத்தடியில் எங்களை உட்கார வைத்து, குறுவட்டப் போட்டி வரப்போகிறது, பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியல் வேண்டும், யார் யார் என்று கேட்டார். யாரும் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒருத்தி எழுந்து, “சார், இந்த வருஷம் போக வேண்டாம் சார். போனா அசிங்கமாயிடும்” என்றாள். உண்மையைச் சொல்கிறேன், முதலில் தலையாட்டியது நான்தான்.

சார் திட்டுவார் என்று நினைத்தோம். திட்டவில்லை. சார் கல்லூரியில் படிக்கும்போது கூடைப்பந்து ஆடியவர். நம் பள்ளியிலும் ஒரு கூடைப்பந்துக் கம்பம் உண்டு, ஆனால் வளையம் கிடையாது. மழை நாளில் ஈரத் துப்பட்டா காயப் போட உதவும். அந்தக் கம்பத்தைக் காட்டித்தான் கதையை ஆரம்பித்தார். அமெரிக்காவில் தென் கரோலினா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகர் கொலம்பியாவில் இருக்கிற பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி பற்றிய கதை. அணியின் பெயர் ‘கேம்காக்ஸ்’. அதாவது சண்டைச் சேவல்! நம் ஊரில் சேவல் கட்டு என்றாலே எங்கள் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கே பெண் பிள்ளைகளின் அணிக்கே அந்தப் பெயர்.

சார் சொன்னது பாதி. மீதியை ஹைடெக் லேபில், இன்டர்நெட் வந்த இரண்டு நாளில் நானே தேடிப் படித்தேன். ஆங்கிலம் புரியாத இடத்தில் சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டேன்.

அங்கே கல்லூரி அணி என்றால் நம் ஊர் மாதிரி ஐம்பது பேர் வந்து வேடிக்கை பார்க்கிற விஷயம் இல்லை. மார்ச் மாதம் 68 கல்லூரிகளின் பெண்கள் அணிகள் ஒரு பெரிய போட்டியில் மோதும். ஒரு தடவை தோற்றாலே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு வீராங்கனை பெரும்பாலும் நான்கு வருஷம் ஆடலாம். அதன் பிறகு படிப்பு முடிந்து போய்விடுவார், அல்லது தொழில்முறை அணிகள் எடுத்துக்கொள்ளும். அதனால் நம் பத்தாம் வகுப்பு அக்காக்கள் கதை அங்கே ஒவ்வொரு கல்லூரியிலும் வருஷா வருஷம் நடக்கிறது.

தென் கரோலினாவுக்கு 2019-ல் ஒரு கூட்டம் சேர்ந்தது. அலியா பாஸ்டன், ஜியா குக், பிரியா பீல், லெட்டீஷியா அமிஹியர். நாட்டிலேயே அந்த வருஷத்தின் முதல் தரமான புதுமுகங்கள் என்று பேசப்பட்டவர்கள். நான்கு வருஷத்தில் அந்த அணி 129 ஆட்டங்களில் ஜெயித்து, 9 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது. 2020-ல் அவர்கள்தான் நாட்டின் முதல் அணி, ஆனால் கொரோனாவால் பெரிய போட்டியே நடக்கவில்லை. 2021 அரையிறுதியில் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. 2022-ல் பட்டம். 2023-ல் 36 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து அரையிறுதிக்கு வந்தார்கள். அங்கே அயோவா என்ற அணி 77-73 என்று மடக்கிவிட்டது. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் தனியாக 41 புள்ளி எடுத்தார்.

அந்த ஆட்டத்தில் ஒரு காட்சி. தென் கரோலினாவில் ரேவன் ஜான்சன் என்ற பெண் கையில் பந்தோடு தூரத்தில் நிற்கிறார். எதிரே தடுக்க வேண்டியவர் கிளார்க். ஆனால் கிளார்க் கிட்டேயே போகவில்லை. ‘நீ வேணா எறிஞ்சுக்கோ’ என்பது மாதிரி கையை அசைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அதாவது இவள் எறிந்தால் விழாது, இவளை எதற்குத் தடுப்பானேன் என்று அர்த்தம். இந்தத் துண்டு வீடியோ நாடு முழுவதும் பரவியது. தனக்கு அது ரொம்ப வலித்ததாக ரேவன் பின்னால் சொல்லியிருக்கிறார்.

நான் இதை லேபில் பார்த்துவிட்டு அதற்கு மேல் ஓட்டவில்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

அந்தத் தோல்விக்கு அடுத்த மாதமே தொழில்முறைப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நிகழ்ச்சி. தென் கரோலினாவிலிருந்து மட்டும் ஐந்து பேர் தேர்வானார்கள். பாஸ்டன்தான் முதல் பெயர். முதலில் களமிறங்கும் ஐந்து பேரும் மொத்தமாகக் காலி. (அங்கே போகிறவர்களைப் பேர் வாசித்து அழைக்கிறார்கள், டி.வி.யில் காட்டுகிறார்கள். எங்கள் அக்காக்கள் டி.சி.யை மடித்து மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். இரண்டும் போவதுதான், ஆனால் எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.)

இனி பட்டம் கிடைக்குமா என்ற கேள்வி வந்தது. அடுத்த பருவம் தொடங்கும்முன் நிருபர்கள் போடும் வரிசையில் தென் கரோலினாவுக்கு ஆறாம் இடம். மிச்சம் இருந்தவர்கள் யார்? முந்தின வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். கமிலா கார்டோசோ என்று பிரேசில் நாட்டுப் பெண், உயரம் ஆறடி ஏழு அங்குலம், நம் வகுப்பறை வாசலில் குனிந்துதான் நுழைய முடியும். பதினைந்து வயதில் அம்மாவை விட்டு அமெரிக்கா வந்தவர். பாஸ்டன் இருந்த வரைக்கும் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்குவார். அப்புறம் நம்ம ரேவன், பிரீ ஹால், சின்னப் பெண் குளோயி கிட்ஸ். வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த டெஹினா பாவ்பாவ். புதிதாகச் சேர்ந்த மிலேசியா ஃபுல்வைலி, அதே கொலம்பியா ஊர்ப் பெண். பயிற்சியில் ஒரே சிரிப்பும் கூத்தும். அதனால் அந்த அணிக்குக் ‘குழந்தைகள் காப்பகம்’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. நம் ஊர்ப் பேச்சில் பால்வாடி!

பயிற்சியாளர் டான் ஸ்டேலி. ஏழை வீட்டுப் பெண், பிலடெல்பியா நகரத்தில் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கியவர். ஆனால் கல்லூரியில் ஆடியபோது மூன்று தடவை கடைசி நான்கு அணிக்குள் வந்தும் ஒரு தடவை கூடப் பட்டம் வாங்கவில்லை.

அந்தப் பால்வாடி 2023 நவம்பர் 6 அன்று பாரிஸ் நகரத்தில் முதல் ஆட்டம் ஆடியது. எதிர் அணி நோட்ரடேம். 100-71. அதில் ஃபுல்வைலி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி, முதுகுக்குப் பின்னால் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக் கூடையில் போட்டதைப் பார்த்து லேபில் நானும் என் பெஞ்ச்காரியும் கத்திவிட்டோம். கம்ப்யூட்டர் சார் வெளியே அனுப்பிவிட்டார்.

இதில் நான் கவனித்த ஒரு விஷயம். அந்தப் பருவத்தில் கிளார்க் ஆட்டத்துக்கு 31.6 புள்ளி சராசரி. தென் கரோலினாவில் அதிகம் எடுத்த கார்டோசோவுக்கே 14.4 தான். போன பெரிய ஆள் இடத்தில் இன்னொரு பெரிய ஆளை யாரும் வைக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏழெட்டுப் பேர் எடுத்தார்கள். ஒரு நாள் ஒருத்தி சரியில்லை என்றால் இன்னொருத்தி.

எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. 2024 மார்ச்சில் டென்னசி அணியோடு மண்டல அரையிறுதி. 1.1 விநாடி பாக்கி, இரண்டு புள்ளி பின்னால். பந்து கார்டோசோ கைக்கு வந்தது. கல்லூரியில் அதுவரை அவர் மூன்று புள்ளித் தூரத்திலிருந்து ஒன்று கூடப் போட்டதில்லை. எறிந்தார். பலகையில் பட்டு விழுந்துவிட்டது. 74-73! ஆனால் அடுத்த ஆட்டத்திலேயே எதிரணிப் பெண்ணைத் தள்ளிவிட்டு வெளியேற்றப்பட்டார். அதனால் பெரிய போட்டியின் முதல் ஆட்டத்தில் அவர் இல்லை. மறுபடியும் பெரிய ஆள் இல்லாத அணி! 91-39 என்று ஜெயித்தார்கள். இந்தியானா அணியோடு ஆடியபோது 22 புள்ளி முன்னால் இருந்து, எல்லாவற்றையும் விடப் பார்த்தார்கள். கடைசி நிமிஷத்தில் மூன்று புள்ளித் தூரத்திலிருந்து ஒன்றைப் போட்டு ஆட்டத்தைக் காப்பாற்றியது யார் தெரியுமா? எறிந்தால் விழாது என்று கையசைத்து ஒதுக்கப்பட்ட ரேவன்.

2024 ஏப்ரல் 7, கிளீவ்லாண்ட் நகரம், இறுதிப் போட்டி. எதிரே அதே அயோவா, அதே கிளார்க். ஆரம்பமே 0-10. கிளார்க் முதல் கால் பகுதியில் மட்டும் 18 புள்ளி. நான் முடிவு தெரிந்தும் நகம் கடித்தேன். அப்புறம் ரேவன் கிளார்க்கை ஒட்டிக்கொண்டார். இடைவேளைக்குச் சற்று முன் கிளார்க் கையிலிருந்தே பந்தைத் தட்டிப் பறித்து ஓடிப் போட்டார். மீதி முப்பது நிமிஷத்தில் கிளார்க்குக்கு 12 புள்ளிதான் கிடைத்தது. மாற்று ஆட்டக்காரராக வந்த முதல் வருஷப் பெண் டெஸ்ஸா ஜான்சன் 19 புள்ளி. பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எடுத்தது மட்டும் 37, அயோவா பெஞ்சு எடுத்தது பூஜ்யம். 87-75. அந்த வருஷம் 38 ஆட்டம், 38 வெற்றி. அமெரிக்காவில் அந்த வருஷம் ஆண்கள் இறுதிப் போட்டியை விட இதைத்தான் அதிகம் பேர் டி.வி.யில் பார்த்தார்கள். இதை எங்கள் வகுப்புப் பையன்கள் இரண்டு முறை படிக்கவும்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் சாரிடம் போய்ச் சண்டை போட்டேன். சண்டை என்றால் மரியாதையாகத்தான். “சார், நீங்க ஜெயிச்ச கதையை மட்டும் சொல்லிட்டீங்க” என்றேன். ஏனென்றால் தேடும்போது வேறு கதைகளும் வந்தன. ஃபுளோரிடா ஆண்கள் அணி 2006, 2007 இரண்டு வருஷமும் பட்டம் வாங்கியது, அதே ஐந்து பேர் சேர்ந்து ஆடினார்கள். ஐந்து பேரும் போனார்கள். 2008-ல் பெரிய போட்டிக்கே அந்த அணியைக் கூப்பிடவில்லை. கென்டக்கி 2012-ல் பட்டம் வாங்கியது. ஆறு பேரைத் தொழில்முறை அணிகள் எடுத்துக்கொண்டன. 2013-ல் அவர்களுக்கும் பெரிய போட்டியில் இடமில்லை. இரண்டாம் தரப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே ராபர்ட் மோரிஸ் என்ற சின்னப் பல்கலைக்கழகத்திடம் 57-59 என்று தோற்றார்கள். தென் கரோலினாவே கார்டோசோ போன பிறகு 2025-ல் இறுதி வரை வந்து, கனெக்டிகட் அணியிடம் 59-82 என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

சார் சிரித்தார். “சரி, கென்டக்கிக்கும் தென் கரோலினாவுக்கும் என்ன வித்தியாசம், நீயே சொல்லு” என்றார். எனக்கு உடனே தெரியவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. கென்டக்கியின் முக்கியமான ஆட்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷத்திலேயே கிளம்பிவிட்டார்கள். அடுத்து வந்தவர்களில் பலர் புதுசு, போனவர்களோடு ஒரு நாள் கூட ஆடாதவர்கள். கார்டோசோ அப்படி இல்லை. இரண்டு வருஷம் தினமும் பயிற்சியில் பாஸ்டன் எதிரே நின்று இடி வாங்கியவர். நாட்டிலேயே பெரிய ஆளோடு தினம் சாயங்காலம் மோதியாயிற்று, அப்புறம் வெளியூர்க்காரரைப் பார்த்து என்ன பயம்?

இது சரியான காரணமா என்று சாரிடம் கேட்டால், ‘இருக்கலாம்’ என்று மட்டும் சொன்னார். நான் சரி என்றே வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அது என் முழங்காலைப் பற்றிய விஷயம்.

போன வருஷம் நான் மாற்று ஆட்டக்காரி. மொத்தமாக மூன்று நிமிஷம் ஆடியிருப்பேன். ஆனால் தினமும் நாலரை மணிக்கு ரைடர் அக்கா பாடி வந்து பழக, எதிரே இடது கார்னரில் நிற்பது நான்தான். எத்தனை தடவை என்னைத் தொட்டுவிட்டு ஓடியிருப்பார் என்று கணக்கே இல்லை. முழங்காலில் ஏழு தழும்பு இருக்கிறது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, “கணக்குல நாப்பத்தொண்ணு, கால்ல ஏழு, நல்லா இருக்குடி உன் மார்க்கு” என்பார்.

இப்போது அந்த மூன்று நிமிஷத்தைச் சொல்லிவிடுகிறேன். குறுவட்ட இறுதிப் போட்டி. நாங்கள் நிறையப் புள்ளி முன்னால் இருந்ததால் சார் என்னை இறக்கினார். எதிரணி ரைடர் என்னைப் பார்த்ததும் தன் ஆட்களிடம் திரும்பி, “பாப்பாவ எறக்கியிருக்காங்கடி” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே நேராக என் பக்கம் வந்து தொட்டுவிட்டுப் போனாள். அடுத்த தடவையும் நேராக என்னிடமே வந்தாள். நாங்கள்தான் ஜெயித்தோம், கோப்பையோடு போட்டோ எடுத்தோம், நான் ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சிரிப்பை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. ரேவன் வீடியோவை நான் ஏன் நிறுத்தினேன் என்று இப்போது தெரிந்திருக்கும். அந்தப் பள்ளியில் அவள் இன்னும் படிக்கிறாள். இந்த வருஷம் அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை காலையில் மில் வண்டி நின்றபோது ஓடிப் போய் ஜன்னலுக்குக் கீழே நின்று, “அக்கா, நாளைக்கு உங்களுக்கு லீவுதானே, மைதானத்துக்கு வர்றீங்களா?” என்று கேட்டேன். வண்டி கிளம்பிவிட்டது. பதில் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். தலையில் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது, நான் எடுத்துவிட்டேன். பழைய இரண்டு பேர், நான், இன்னும் நாலு பேர் என்று ஏழு பேர் நின்றோம். அக்கா தனியாகப் பாடி வந்தார். முதல் தடவை என் கையைத் தொட்டார். இரண்டாவது தடவை தோளை. மூன்றாவது தடவை போனஸ் கோட்டை மிதித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நாலாவது தடவை, அக்கா வலது காலை நீட்டும் முன்னால் இடது தோள் லேசாகச் சாயும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாகப் பார்த்தது, அதுவரை பேர் வைக்காமல் பார்த்தது. தோள் சாய்ந்தது. நான் கணுக்காலில் விழுந்தேன். மேலே ஆறு பேரும் விழுந்தார்கள். மூச்சு முட்டியது, வாயெல்லாம் மண். அக்கா அடியிலிருந்து, “விடுங்கடி, நாளைக்கு வேலைக்குப் போகணும்” என்று கத்தினார். எழுந்த பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, “நான் லேசாத்தான் போனேன்” என்றார். லேசாகப் போகவில்லை, எனக்குத் தெரியும்.

நாங்கள் ஜெயிப்போமா? நேர்மையாகச் சொன்னால், ரைடுக்கு இன்னும் சரியான ஆள் இல்லை. ஒருத்திக்கு வேகம் இருக்கிறது, மூச்சு இல்லை. இன்னொருத்திக்கு மூச்சு இருக்கிறது, கோட்டுக்குத் திரும்பும்போது பயந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். மூன்று பேர் மாற்றி மாற்றிப் போவது என்று பேசி வைத்திருக்கிறோம். பிடியில் மட்டும் நாங்கள் போன வருஷத்தை விட மோசம் இல்லை என்று நினைக்கிறேன்.

பட்டியலை வெள்ளிக்கிழமை சாரிடம் கொடுக்க வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர் ஆயிற்று, இன்னும் மூன்று பேர் தேவை. எட்டாம் வகுப்பில் ஓடத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சாயங்காலம் நாலரைக்கு வேப்பமரத்துக்கு வாருங்கள். துப்பட்டாவைக் கழற்றி அந்தக் கம்பத்தில் போட்டுவிட்டு வரலாம். வளையல் வேண்டாம். வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி (இடது கார்னர்)